சுருண்ட வால்கள்

பாட்டிலை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு வரக் கூடாது, உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அதைத் துணியில் சுற்றி வேட்டி மடிப்பில் வயிற்றோடு கட்டிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றை அழுத்தியபடி, மறு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்து, குற்றாலத்திலிருந்து தென்காசிக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தேன். ஆனி மாதச் சாரல். மழை என்று சொல்ல முடியாது, மழை இல்லை என்றும் சொல்ல முடியாது. மலை இடைவெளியிலிருந்து வரும் காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. மேலகரத்தில் டீக்கடையில் நின்றிருந்த ஒருவர், "என்னவே பெருமாளு, வயித்து வலியா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "சீசன்ல பலாப்பழத்த அளவாத் திங்கணும்வே" என்று சொல்லி அனுப்பினார்.

பாட்டிலில் இருந்தது என் அண்ணன் பால்வண்ணநாதனின் விந்து. இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டிலும் யாருக்கும் அதைச் சொல்லத் தெரியவில்லை. "அது" என்றார்கள். "டெஸ்ட்டு" என்றார்கள். அண்ணன் அதுவும் சொல்லவில்லை.

அண்ணன் பெரிய அருவிக்குப் போகும் வழியில் எண்ணெய்க் கடை வைத்திருந்தான். சீசனில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்தும் விடுவான். அறுபதுகளின் ஆரம்பத்தில் குற்றாலம் இப்போது இருப்பது போல இல்லை. அருவிக்கும் கடைக்கும் நடுவே ஈரப்பாறையும் குரங்கும்தான் இருந்தன. மதுரையிலிருந்து, நாகர்கோவிலிலிருந்து, மலையாளத்திலிருந்து ஆட்கள் வந்து கோவணத்தோடு அவன் முன்னால் உட்காருவார்கள். அண்ணன் தேய்த்துவிட்டால் எலும்பு கழன்று மறுபடி மாட்டியது போல இருக்கும் என்பார்கள். எண்ணெய்க்கும் அருவிக்கும் நடுவில் மனிதர்கள் நிறையப் பேசுவார்கள். பெரும்பாலும் பிள்ளைகளைப் பற்றி. மூத்தவன் கலெக்டராபீசில் இருக்கிறான், இளையவள் பெரியவளாகிவிட்டாள். பிறகு மரியாதைக்கு, "அண்ணாச்சிக்கு எத்தன?" என்பார்கள். அண்ணன் அவர்கள் முதுகைத் திருப்பிவிட்டு, "தலையக் குனியும்" என்பான். கல்யாணமாகி எட்டு வருஷம் அப்படித்தான் பதில் சொன்னான்.

மதினி உலகம்மாள் இலத்தூர்க்காரி. எட்டு வருஷத்தில் அவள் சுற்றாத மரம் இல்லை. அம்மா முப்பிடாதியம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் ஒரு காரியத்தை மனதில் போட்டுவிட்டால் அது நடக்கும்வரை அவளுக்குச் சோறு இறங்காது. அந்த வருஷம் அவள் மனதில் போட்டுக்கொண்டது கீழப்பாவூரில் இருந்த எங்கள் தாய்மாமன் மகள். பேச்சு ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஆவணியில் வைத்துக்கொள்ளலாம் என்று மாமா சொல்லியிருந்தார். இரண்டாவது கல்யாணத்துக்குச் சட்டம் இடம் கொடுக்காது என்று நான் சொன்னபோது, "சட்டமாலே வந்து எனக்குக் கொள்ளி வைக்கப் போவுது?" என்று கேட்டாள். கொள்ளி வைக்க நாங்கள் இரண்டு பேர் அவள் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தோம்.

மதினி அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். தென்காசி டாக்டர் தன்னைப் பார்த்துவிட்டுக் குறை எதுவும் தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறார்; அண்ணனையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பிறகு யாரை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும். அவ்வளவுதான். அம்மா துள்ளினாள். "எம்புள்ளைக்கா குறை? அருவித் தண்ணியில வளந்த உடம்புட்டி அது." ஆனால் பிறகு அவளே, "பாக்கட்டும். பாத்துட்டு வாயப் பொத்திக்கிடட்டும்" என்று சம்மதித்தாள். அண்ணனும் சரி என்றான். அவனுக்கும் சந்தேகம் இல்லை. குறை இல்லை என்று வந்தால் மதினிக்கு எங்கள் வீட்டில் இருக்கும் இடம் என்ன என்பது மூன்று பேருக்கும் தெரியும். அடுப்படியில் ஒரு மூலை, அல்லது இலத்தூரில் அவளுடைய அண்ணன் வீட்டுத் தொழுவத்துப் பக்கம் ஒரு மூலை.

எடுத்துக்கொண்டு போகும் வேலை என்னிடம் வந்தது. நான் தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இரவு டூட்டி. இரவு டூட்டிக்காரனைப் பகலில் எதற்கும் ஏவலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். இன்னொரு காரணமும் இருந்தது. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. விலங்கியல் இரண்டு வருஷம் படித்தவன், மைக்ராஸ்கோப் பார்த்தவன். கெமிஸ்ட்ரியில் தவறி, மறுபடி எழுதப் போகாமல் விட்டவன் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

டாக்டர் தில்லைநாயகத்தின் கிளினிக்கில் கம்பவுண்டர் சேக் மைதீன் நான் வேட்டி மடிப்பை அவிழ்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்னவே, மலைத்தேனா?" என்றார். டாக்டர் உள்ளேயிருந்து, "ஏ சேக்கு, அது உமக்கு ஒத்துக்காது, கொண்டா இங்க" என்று சத்தம் கொடுத்தார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். "தண்ணியா இருக்கேவே. நிறையவும் இருக்கு. மழை உள்ள இறங்கிட்டா?" என்றார். இல்லை, தக்கை இறுக்கமாக இருந்தது, துணியும் உள்பக்கம் நனையவில்லை என்றேன். பாட்டில் அவரே கழுவிக் காயவைத்துக் கொடுத்தது. அவர் ஒரு துளியை எடுத்துக் கண்ணாடியில் வைத்து, குழாயில் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம் ஸ்லைடை அங்கும் இங்கும் நகர்த்தினார். பிறகு வேறொரு துளி. பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "நீரும் பாரும்" என்றார்.

ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒன்றும் அசையவில்லை. தலை தெரிந்தது. வால் நீண்டிருக்க வேண்டிய இடத்தில் நீளவில்லை. எல்லா வாலும் சுருண்டிருந்தது. சாரல் காலத்தில் எங்கள் முற்றத்தில் மரவட்டைகள் ஊரும். விளக்குமாறு பட்டால் சுருண்டு காசு போலக் கிடக்கும். அப்படிக் கிடந்தன.

எனக்குக் கல்லூரியில் ஒரு பகல் ஞாபகம் வந்தது. தவளையின் வாயைத் திறந்து தொண்டைத் தோலை எடுத்துப் பலகையில் விரித்து, அதன் மேல் தக்கைத் தூளைத் தூவினோம். தவளை செத்துவிட்டது. ஆனால் தூள் நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் அலையலையாக வீசி அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தன. ஐஸ் வைத்தால் மெதுவானது, சூடு காட்டினால் வேகமெடுத்தது. எங்கள் விரிவுரையாளர் ஒரு கேள்வி கேட்டார். தவளை இல்லை, மூளை இல்லை, நரம்பு இல்லை. இந்த மயிருக்கு வீசு என்று சொல்வது யார்? எங்களில் ஒருவன், "கடவுள் சார்" என்றான். அவர் சிரிக்காமல், "அவர் வேறு வேலையில் இருக்கிறார்" என்றார். ஜெர்மனியில் ஒருவர் விந்தணுவைக் கிளிசரினில் ஊறவைத்து மேல்தோலைக் கரைத்து, சந்தேகமில்லாமல் கொன்றுவிட்டு, பிறகு ஏ.டி.பி. என்ற ஒரு பொருளைத் துளி விட்டாராம். செத்த வால் அடிக்க ஆரம்பித்ததாம். உயிர் வரவில்லை, வால் மட்டும் அடித்தது. பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிர் சுவரில் முட்டினால் மயிரைத் திருப்பி வீசிப் பின்வாங்கும் அல்லவா, அதற்குத் திரும்பு என்று சொல்வது கால்சியம் என்று ஜப்பானில் பார்த்திருக்கிறார்கள் என்றார். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இந்த உப்பு இவ்வளவு, அந்தச் சுண்ணாம்பு இவ்வளவு, இந்தப் பாஸ்பேட் இவ்வளவு என்று ஓர் அளவு இருக்கிறது. அது ஏறுவதும் இறங்குவதும்தான் கட்டளை. வேறு எசமான் கிடையாது. நான் படித்ததிலேயே எனக்குப் பிடித்த பாடம் அதுதான். பரீட்சையில் அது வரவில்லை.

"வால் ஏன் டாக்டர் இப்படிச் சுருண்டிருக்கு?" என்றேன்.

"தண்ணி பட்டா சுருளும். தண்ணி படலங்கீரு. அப்ப உள்ளயே ஏதோ கோளாறு." அவர் கையைக் கழுவினார். "ஒண்ண வச்சு முடிவு சொல்ல மாட்டேன். ஒரு மாசம் போவட்டும், இன்னொண்ணு கொண்டாரும். ஆனா இன்னைக்கு இதுல உள்ளது அத்தனையும் செத்ததுதான். அண்ணன்கிட்ட பக்குவமாச் சொல்லும்."

பக்குவம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து, "ஒண்ணும் உயிரோட இல்லயாம். இன்னொரு தடவ பாக்கணும்னு சொல்லுதாரு" என்றேன். அண்ணன் எண்ணெய்ச் சட்டியை மூடினான். "இன்னொரு தடவலாம் வேண்டாம்" என்றான்.

கீழப்பாவூர்ப் பேச்சு அன்றோடு நின்றது. அம்மா மாமாவிடம் என்ன காரணம் சொன்னாள் என்று தெரியாது. உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள். வீட்டுக்குள் காற்று மாறிவிட்டது. அம்மா மதினியை ஏட்டி என்று கூப்பிடுவதை விட்டாள். பிறகு கூப்பிடுவதையே விட்டாள். மதினி குழம்பில் உப்பைக் கூட்டிவைத்த நாளில்கூட யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் தலை நிமிர்ந்து கிணற்றடிக்குப் போனாள், வந்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக எங்கள் கொல்லையில் அவள் ஏதோ பாட்டு முனகியதைக் கேட்டேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அண்ணன் மட்டும் கரைந்துகொண்டிருந்தான். அவன் அருவியில் குளிப்பதை நிறுத்தினான். நிறுத்திவிட்டான் என்று எங்களுக்குத் தெரியவே சில நாள் ஆயிற்று. விடிவதற்கு முன் கிணற்றில் இரண்டு வாளி இறைத்து ஊற்றிக்கொண்டு போய்விடுவான். குற்றாலத்தில் பிறந்த ஒருவன் சீசனில் கிணற்றில் குளிக்கிறான் என்றால் அவனுக்குக் காய்ச்சல் அல்லது பைத்தியம். ஆண்கள் பக்கம் வெறும் உடம்போடு நிற்க அவனுக்கு முடியவில்லை என்று நினைக்கிறேன். தேய்த்துவிடுவதையும் குறைத்தான். எண்ணெயை விற்றுவிட்டு, "கை வலிக்கி" என்று அனுப்பிவிடுவான். வாடிக்கைக்காரர் ஒருவர், "கையில வலி வந்தா யாரு அண்ணாச்சி உமக்குத் தேய்ப்பா, மகனையா கூப்பிடுவீரு?" என்று வேடிக்கையாகத்தான் கேட்டார். நான் அங்கே நின்றிருந்தேன். அண்ணன் மரப்பெட்டியிலிருந்த சீயக்காயைக் கொட்டி மறுபடி அள்ளிப்போட்டுக்கொண்டிருந்தான்.

ஆடி பிறந்து ஒரு காலை. டூட்டி முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்திருந்தேன். மதினி எதிரே அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அம்மா குற்றாலநாதர் படத்துக்கு முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அது அவளுடைய பூஜை முறை.

"என்ன குறை வச்சேன் உமக்கு? எத்தன மார்கழி, எத்தன திருவாதிரை! அன்னைக்கு அந்தக் குப்பிய வெறும் குப்பியாவா அனுப்புனேன்? உம்ம தீர்த்தத்த ஒரு உத்தரணி என் கையால விட்டுல்லா அனுப்புனேன்!"

உத்தரணி என்றால் கோயிலில் தீர்த்தம் கொடுக்கும் சின்னக் கரண்டி. என் வாயில் சோறு இருந்தது.

"எந்தக் குப்பியில?" என்றேன்.

"எந்தக் குப்பி? நீ கொண்டு போனியே, அந்தக் குப்பியிலதான். மாடக்குழியில உங்கண்ணன் வச்சுட்டுப் போனான். நீ சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கிட்டு இருந்த. தக்கையத் தொறந்து கண்ண மூடிக்கிட்டு விட்டேன். அதுவும் நம்ம வம்சந்தானலே. நல்லபடியா வரட்டும்னு விட்டேன். எங்க வந்துது?"

அண்ணன் அந்தப் பாட்டிலை என் கையில் கொடுக்கவில்லை. தம்பியின் கையில் கொடுக்கிற பொருளா அது? மாடக்குழியில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டான். அவன் போவதற்கும் நான் எடுப்பதற்கும் நடுவில் அம்மா சாமி கும்பிட்டிருக்கிறாள். கோயில் தீர்த்தம் என்பது அருவித் தண்ணீர்தான். அதைப் போலச் சுத்தமான தண்ணீர் இந்தப் பக்கத்தில் கிடையாது. பாறையிலும் வேரிலும் விழுந்து வருகிறது. உப்பும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை. சோப்புப் போட்டால் வழுவழுப்பு போகவே போகாது. பிள்ளைக்குக் குறை இல்லை என்று நிரூபிப்பதற்காக, இருக்கிற தண்ணீரிலேயே நல்ல தண்ணீரை ஊற்றி அத்தனையையும் கொன்றுவிட்டாள்.

நான் கையைக் கழுவக் கொல்லைக்குப் போனேன். மதினி பின்னாலேயே வந்தாள். கையில் சுளகு அப்படியே இருந்தது.

"தம்பி, தண்ணி பட்டா என்ன ஆவும்?"

"மதினி, அது வேற ஒண்ணுமில்ல..."

"உங்க மூஞ்சியப் பாத்தேன். மறைக்காண்டாம்."

சொன்னேன். அதற்கு உள்ளே உப்பும் சுண்ணாம்பும் ஒரு கணக்கில் இருக்கும், அந்தக் கணக்குதான் வாலை அடிக்கச் சொல்வது, நிறுத்தச் சொல்வது எல்லாம். வெறும் தண்ணீர் பட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து ஊதிவிடும், கணக்கு கலைந்துவிடும், வால் சுருண்டு செத்துவிடும் என்றேன்.

"சுண்ணாம்புன்னா? வெத்தலைக்குப் போடுத சுண்ணாம்பா?"

"அதுல உள்ளதுதான். துளிக்கும் துளி."

அவள் சுளகைத் துணி துவைக்கும் கல்லில் வைத்தாள். "அப்ப அவுகளுக்கு ஒண்ணுமில்லையா?"

"தெரியாது. இருக்கலாம், இல்லாமலும் போவலாம். அன்னைக்குப் பாத்தத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

"அத்தைக்குத் தெரிய வேண்டாம். தெரிஞ்சா நாளைக்கே கீழப்பாவூருக்கு பஸ் ஏறிருவாவ."

"அண்ணனுக்கு?"

அவள் சுளகிலிருந்த அரிசியை விரலால் கிளறினாள்.

"நீங்க சொல்லச் சொன்னா சொல்லுதேன் மதினி. வேண்டாம்னா சொல்லல."

"எந்தலையில ஏத்தாதீங்க" என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அரிசியில் ஏற்கெனவே பொறுக்கிய பக்கத்தையே மறுபடி பொறுக்கினாள்.

நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததில் எனக்குப் பெரிய நியாயம் எதுவும் இல்லை. அது அவளுடைய எட்டு வருஷம் என்று தோன்றியது, அவ்வளவுதான். அந்த நாட்களில் அவள் பாடவில்லை. அண்ணன் சாப்பிடும்போது தூணுக்குப் பக்கத்தில் நின்று அவனையே பார்ப்பாள். அவன் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அவன் குனிந்தே இருந்தால் அவள் இந்த வீட்டில் இருப்பாள். அவன் நிமிர்ந்தால் அவள் போக வேண்டும். கணக்கு அப்படி இருந்தது.

பகலில் தூங்குகிறவனுக்கு வீட்டில் நடக்கிற எல்லாம் கேட்கும். எனக்கும் அடுப்படிக்கும் நடுவில் பலகைத் தடுப்பு ஒன்றுதான். ஒரு மத்தியானம் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அண்ணன் சாப்பிட வந்தான். தட்டுச் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

"உங்கண்ணன் செவ்வாக்கிழமை சந்தைக்கு வருவான்லா" என்றான் அண்ணன்.

"வருவான். என்ன?"

"அவன்கூடப் போயிரு."

கரண்டி சட்டியில் தட்டும் சத்தம் கேட்டது.

"உனக்கு வயசு இருக்கு. நான் எழுதிக் குடுத்துருதேன், எங்கூட வாழ முடியாதுன்னு. எங்க வேணாலும் எழுதிக் குடுக்கேன். இங்கன கிடந்து உனக்கு என்ன? எங்கம்மைக்குச் சோறு பொங்கவா? என்னால உனக்கு..." அவன் நிறுத்திவிட்டான். அண்ணன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"சாப்பிடுங்க."

"நான் சொல்லுதது கேக்கா இல்லயா?"

"கேக்கு. சாப்பிட்டு முடிங்க."

ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பிறகு மதினி சாதாரணமாக, கடைக்குச் சாமான் சொல்லுகிற குரலில் சொன்னாள். "அத்தை அன்னைக்கு அந்தக் குப்பியில தீர்த்தம் விட்டிருக்காவ."

"எதுல?"

"நீங்க மாடக்குழியில வச்சுட்டுப் போனதுல. அவுகளே சொன்னாவ. தண்ணி பட்டா அது செத்துருமாம். தம்பி சொன்னாரு. நல்லா இருந்தாலும் செத்துருமாம்."

அண்ணன் கை கழுவத் தட்டில் தண்ணீர் விடும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. "உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

"பத்து நாளா."

"சொல்லாம இருந்திருக்கலாம்லா."

"இருந்தேனே. இருந்து பாத்தேன்."

இலத்தூர்ப் பேச்சை அதற்குப் பிறகு அவனும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. "இன்னொரு தடவ குடுத்துப் பாக்கவா?" என்றான். அவளிடம் அவன் அனுமதி கேட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாருங்க. நானும் வருவேன். ஓடுதா இல்லயான்னு என் கண்ணால பாக்கணும்."

இந்தத் தடவை அண்ணன் பாட்டிலை மாடக்குழியில் வைக்கவில்லை. மதினியின் கையில் கொடுத்தான். அவள் அதைக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டாள். அம்மாவிடம் பல் வலி என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் பஸ் ஏறினோம். பஸ்ஸில் அண்ணன் ஆண்கள் பக்கம் நின்றான். அவள் பெண்கள் பக்கம் ஜன்னலோரம் வயிற்றில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்த கிழவி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "எத்தன மாசம் தாயி?" என்றாள். மதினி என்னை ஒரு பார்வை பார்த்தாள். "தென்காசியில எறங்கிச் சொல்லுதேன் ஆச்சி" என்றாள். கிழவிக்குப் புரியவில்லை, ஆனாலும் சிரித்தாள். அண்ணனுக்குக் கேட்டிருக்கும். அவன் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தான்.

டாக்டரிடம் தீர்த்தத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "நான் கேட்டேனேவே, தண்ணி இறங்கிட்டான்னு! மழையத்தான் நினைச்சேன், சாமிய நினைக்கல" என்றார். சேக் மைதீன் சிரிக்கப் போய், மதினியைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

அண்ணன் உள்ளே வரவில்லை. வாசல் தாழ்வாரத்தில், சாரல் மேலே படுகிற இடத்தில் நின்றுகொண்டான். டாக்டர் துளியை வைத்துக் கண்ணைக் குழாயில் கொடுத்தார். இந்தத் தடவை ஸ்லைடை நகர்த்தவில்லை. வாயைத் திறந்தவர், "நான் பாக்கணும்" என்று மதினி சொன்னதும் மூடிக்கொண்டார். எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் உட்கார்ந்து குனிந்தாள். "கருப்பாக் கோடு கோடாத் தெரியுது" என்றாள். அது அவளுடைய கண் இமை மயிர்தான். முதல் தடவை பார்க்கிற எல்லோருக்கும் அதுதான் தெரியும். கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னேன். அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தை உள்ளே விட்டேன். திருகை மெதுவாகத் திருப்பினேன். அவள் மூச்சு நின்றது. அதனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று தெரிந்தது.

நான் பார்க்கவில்லை. அவள் இடம் கொடுக்கவில்லை. மேசை விளிம்பைப் பிடித்திருந்த அவள் விரல்களைத்தான் பார்த்தேன். முதலில் வெளுத்திருந்தன. பிறகு பிடி தளர்ந்தது. ஒரு விரல் மட்டும் மரத்தில் லேசாக, இடமும் வலமுமாக அசைந்தது.

"எங்கன போவுதுவோ இவ்வளவு வேகமா?" என்றாள்.

"அதுக்கே தெரியாதும்மா" என்றார் டாக்டர்.

தாழ்வாரத்திலிருந்து அண்ணன், "என்னவாம்?" என்று கேட்டான். நானும் டாக்டரும் மதினியைப் பார்த்தோம். அவள் நிமிரவில்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, வாங்க என்பது போல அசைத்தாள். அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றான். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. அவனும் எழச் சொல்லவில்லை.

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே நாலைந்து பேர் காத்திருந்தார்கள். "போதும்மா. துளி காய ஆரம்பிச்சிருக்கும். ஓரத்துல ஒவ்வொண்ணா நின்னுரும்" என்றார்.

"நின்னுக்கிட்டுத்தான் வருது" என்றாள் மதினி, கண்ணை எடுக்காமல். "இருங்க. நடுவுல ஒண்ணு இன்னும் ஓடுது."